பதினோரு நொடி

காலைச் சங்கு நீளம், சாயங்காலச் சங்கு குட்டை
என்று என்மேல் ஒரு புகார் உண்டு.
கோத்தகிரிக்குக் கீழே இந்தத் தேயிலைத் தொழிற்சாலையில்
பொத்தானை அழுத்துகிற விரல் என்னுடையது.
இரண்டுக்கும் ஒரே கணக்கு. பதினொன்று எண்ணி விடுவேன்.
வாய்க்குள் எண்ணுவதைக் கொதிகலன் பார்த்திருக்கிறது.
வேறு சாட்சி கிடையாது.

டீமேக்கர் ஹாலன் செல்போனை வைத்து நேரம் பிடித்தார்.
காலை, பதினொன்று.
மாலை, பதினொன்றே கால்.
கூடுதலே மாலைக்குத்தான் என்றேன்.
கொழுந்துக்காரிகள் சிரித்தார்கள்.
"போனுக்கென்ன,
அது கம்பளிக்குள்ள இருந்தா எந்திரிச்சு வருது?"
என்றாள் செபமாலை.

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு.
மாத்திரை என்றால் கண்ணிமைக்கிற பொழுது.
யாருடைய கண் என்று கேட்டு
ஏழாம் வகுப்பில் பெஞ்சுமேல் நின்றவன் நான்.

உலர்த்தும் பிரிவில் நந்தீஷ் என்றொரு பையன்.
சங்கைப் பதிவுசெய்து பின்னிருந்து முன்னாக ஓடவிட்டான்.
தேய்ந்து ஓய்கிற வால் முதலில் வந்து
பெருத்து, பெருத்து,
சட்டென்று அறுந்தது.
எது நீளம் என்றான்.
திருப்பிப் போட்டதுதான் என்று எல்லோரும் கை தூக்கினோம்,
நானும்.
ஒரே கயிறு. எந்த முனையிலிருந்து அளந்தால் என்ன?
என்னமோ இருக்கிறது.
வளர்கிற சத்தத்தோடு காது கடைசிவரை கூடப் போகிறது,
தேய்கிறதைப் பாதி வழியில் விட்டுவிட்டு
வேறு சோலி பார்க்கத் திரும்பிவிடுகிறது.

ஐப்பசியில் ஒரு நாள் எடை போட்டு முடித்தபோது
ஓர் ஆள் குறைந்தது. செபமாலை.
ஒன்பதாம் நம்பர் மலையில் கடைசியாகப் பார்த்தார்களாம்.
அங்கே காட்டெருமை நிற்கும் என்பதை
யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.
மூடுபனிக்குள் சில்வர் ஓக் மரங்கள்
ஒவ்வொன்றாய்க் கழன்றுகொண்டிருந்தன.

சங்கை ஊதச் சொன்னார்கள்.
பதினொன்று ஊதினேன்.
நிறுத்தி, பதினொன்று காது கொடுத்தேன்.
ஊதினால் அவள் குரல் எங்களுக்குக் கேட்காது,
ஊதாவிட்டால் வழி அவளுக்குக் கேட்காது.
சத்தத்துக்கும் சும்மாவுக்கும்
ஒரே அளவுதான் போட்டேன், சத்தியமாக.
கதிர்காமன் என் சட்டையைப் பிடித்துவிட்டான்.
"ஊத ஆரம்பிக்கிறதுக்குள்ள நிறுத்திர்ற.
நிறுத்துனா விடியிறவரைக்கும் ஊத மாட்டேங்குற."
அவள் புருஷன்.
அவனோடு அப்போது கணக்குப் பேச முடியாது.

ஆறாவது சும்மாவில் வந்தது.

கூ

அப்புறம் அதன் ஊ,
பள்ளம் வாங்கி எதிர்மலையிடம் கொடுத்த ஊ,
எதிர்மலை கொஞ்சம் வைத்திருந்துவிட்டுத்
திருப்பி அனுப்பிய ஊ.

ஆட்கள் போய்க் கூட்டி வந்து,
சுளுக்குக்கு எண்ணெய் போட்டு,
அவள் வெறுந்தேத்தண்ணி இரண்டு கிளாஸ் குடித்து முடிப்பதற்குள்
தகராறு தொடங்கிவிட்டது,
அந்தக் கூ எவ்வளவு நேரம்?
ஒரு பீடி பற்றி முடிகிற நேரம் என்றான் கதிர்காமன்.
மூன்று நொடி, அதற்குமேல் ஒரு இம்மி கிடையாது என்றார் ஹாலன்.
எதிரொலியைச் சேர்த்தா, கழித்தா என்று
எடைபோடுகிறவர் எடைபோடுகிறவராகவே கேட்டார்.
நந்தீஷின் போன் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.
ஒன்றே முக்கால் நொடி.
மூன்று தரம் போட்டுக் காட்டினான்.
மூன்று தரமும் போன் தப்பு என்றார்கள்.

அவளையே கேட்டேன்.
"எங்க கத்துனேன்?
வாயத் திறந்தேன், மூடுறதுக்குள்ள
ஒங்க சங்கு வந்து ஏறிக்கிருச்சு."

மறுநாள் காலை ஆறு மணி.
எட்டிலேயே விரலை எடுத்துவிட்டேன், வேண்டுமென்றேதான்.
கீழே லயத்தில் ஒரு கதவு திறந்தது.
"இன்னிக்கு என்ன இம்புட்டு நேரம்" என்று
கொட்டாவியோடு யாரோ கேட்டார்கள்.