அல்லது அதற்குப் பிந்தைய

ராயக்கோட்டை சாலையில் உரக்கடைக்கு மேலே
எங்கள் கம்பெனி. மூன்று நாற்காலி, ஒரு யுபிஎஸ்.
கீழே தோத்தாபுரி லாரிகள்
கூழ் ஆலைக்கு வரிசையில் உறுமுகின்றன.
திங்கட்கிழமை காவேரிப்பட்டணத்தில்
எடைமேடை மென்பொருளை நிறுவியாக வேண்டும்.

முதலாளி கேட்டது ஒரே கேள்வி:
"சீட்டு அச்சடிக்கிற சாமான் ஓசிதானே?"
ஓசிதான் என்றேன்.
அந்த ஒரு சொல்லுக்காக
ராத்திரி பூரா உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் நிரல் எங்களுடையது, பூட்டியது, விலைக்கு.
அச்சடிக்கும் கருவி யார் யாரோ எழுதியது.
அதைத் தனியாக ஓடவிட்டிருக்கிறேன்:
பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் சுவர்,
சுவரில் சீட்டு நீட்ட ஒரு சந்து.
அதுவரைக்கும் சரி.
தமிழ் எழுத்து உடையாமல் வர
அதற்குள் இன்னொரு நூலகத்தைக்
கொண்டுபோய் இணைத்தது நான்தான்.

கருவி ஜிபிஎல் இரண்டு. நூலகம் அப்பாச்சி.
இரண்டு பேரும் கொடையாளிகள்.
எடுத்துக்கொள், திறந்தே கொடு,
என் நிபந்தனைக்கு மேல் ஒன்றும் சேர்க்காதே என்கிறார் ஒருவர்.
எடுத்துக்கொள், பேட்டன்ட் வழக்கென்று போனால்
கொடுத்ததைப் பிடுங்குவேன் என்கிறார் மற்றவர்.
ஒரே பந்தியில் உட்காரமாட்டார்கள்.

"இரண்டாம் பதிப்பு, அல்லது அதற்குப் பிந்தைய."
இந்த வால் இருந்தால்
மூன்றாம் பதிப்புக்கு ஏறிக்கொள்ளலாம்.
அங்கே இருவருக்கும் இலை உண்டு.

நாற்பத்தொரு கோப்பு.
ஒவ்வொன்றின் நெற்றியிலும் தேடினேன்.
நாற்பதில் வால் இருந்தது.
ஒன்றில் முற்றுப்புள்ளி.

பார்கோடின் கடைசி இலக்கத்தைக் கணக்கிடும் கோப்பு அது.
நூற்றுப் பன்னிரண்டு வரி.
எழுதியவருக்கு மடல் போட்டேன்,
ஒரு சொல் சேர்த்தால் போதும் ஐயா என்று.
நாலு நிமிடத்தில் திரும்பி வந்தது:
இந்த முகவரியில் யாரும் இல்லை.
பதினாறு வருஷத்து முற்றுப்புள்ளி.
இனி அதை அழிக்கும் கை எங்கேயோ.

யார் பார்க்கப் போகிறார்கள்,
எந்தக் கோர்ட் இங்கே வரும்?
கேட்டதும் நான்தான். டீ ஆறிப்போயிருந்தது.

பர்கூரில் ஷாகிராவை எழுப்பினேன்.
அவள் அந்தக் கோப்பைத் திறந்ததில்லை.
எனக்கு அது கண்ணில் ஒட்டிவிட்டது,
நான் எழுதினால் அதன் நிழல் விழும்.
வரியைச் சொல்லாமல் வேலையை மட்டும் சொன்னேன்:
பன்னிரண்டு இலக்கம். ஒன்றுவிட்டு ஒன்றை மூன்றால் பெருக்கு. கூட்டு.
பத்தின் அடுத்த மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ, அது.
"இதுக்கா எழுப்பினீங்க?"
"அந்தக் கோப்பை மட்டும் திறந்துடாதே."

விடிவதற்குள் முப்பத்தெட்டு வரி வந்தது.
நெற்றியில் அவள் பெயர், வருஷம்,
மூன்றாம் பதிப்பு, அல்லது அதற்குப் பிந்தைய.

திங்கட்கிழமை. பென் டிரைவில் இரண்டு கோப்புறை.
"ரெண்டாவது என்ன?"
"அச்சடிக்கிறதோட மூலம். திறக்கலாம், மாத்தலாம்.
உங்களுக்கும் உரிமை."
கூழ் கேட்டால் கொட்டையையும் தருகிறானே
என்பது போலப் பார்த்தார்.
எடைச் சீட்டுக் கட்டோடு இழுப்பறையில் போட்டார்.

புதன் இரவு ஒரு மடல்.
எடைமேடை குமாஸ்தா திம்மராஜ்.
"கூட்டுத்தொகை அறுபது, எழுபது என்று நேராக வந்தால்
கடைசி இலக்கம் பத்து என்று விழுகிறது சார்.
சீட்டு ஸ்கேன் ஆகவில்லை, லாரிக்காரர்கள் திட்டுகிறார்கள்.
இழுப்பறையில் இருந்ததைத் திறந்து
இருபத்தொன்பதாம் வரியைச் சரி பண்ணிவிட்டேன்."

அடுத்த மடங்கு என்று சொன்னது நான்.
அவள் கேட்டபடியே எழுதியிருக்கிறாள்.

இணைப்பில் கோப்பு.
ஷாகிரா பெயருக்குக் கீழே
இனிஷியல் இல்லாமல் அவர் பெயர்.
அதற்குக் கீழே இருந்த வரியை
அவர் தொடவில்லை.