பக்கம் ஏழு, கீழ்மூலை

ஆசிரியர் இறந்துபோன தகவல்
இரவு பத்தே முக்காலுக்கு வந்தது.
யார் எழுதுவது என்று யாரும் பதறவில்லை.
அவரே எழுதி வைத்திருந்தார்,
என் மேசையின் மூன்றாம் இழுப்பறையில்.
வருஷா வருஷம் வாங்கித் திருத்துவார்,
வருஷா வருஷம் அது குட்டையாகும்.

முதல் படியில் நாற்பது வரி.
'கொங்கு மண்ணின் மனசாட்சி' என்று
நான் ஒன்று சேர்த்திருந்தேன்.
சிவப்புப் பென்சிலால் அடித்து, ஓரத்தில்:
"மண்ணுக்கு ஏதம்மிணி மனசாட்சி?
சாயந்தான் இருக்குது."

விருது போயிற்று.
டெல்லியில் கைகுலுக்கிய போட்டோ போயிற்று.
ராயபுரத்துச் சந்தில் ஒரு டிரெடில் மிஷின்,
காங்கயத்து மாட்டுத் தரகரிடம் வாங்கிய கடன்,
'நொய்யல் அஞ்சல்' பிறந்த கதை
ஒரே வரிக்குள் சுருண்டது.

எழுபத்தாறு மட்டும் மூன்று வரி நின்றது.
தணிக்கை அதிகாரி
நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாசங்களில்
முதல் பக்கத்தில் மஞ்சள் விலை போட்டார் அத்தியப்பன்.
விரலி வரத்து இருபத்தேழு மூட்டை.
கிழங்கு பதினொன்று.
ஈரோட்டு மண்டியில் அன்றைக்கு ஏலமே கிடையாது.
அதிகாரி பெருந்துறைக்காரர்,
அவருக்கே ரெண்டு ஏக்கர் மஞ்சள்.
படித்தார், சிரிக்காமல் முத்திரை குத்தினார்.
டீக்கடையில் எண்ணிக்கொண்டார்கள்:
பிடித்துப்போன இளசுகள் இருபத்தேழு,
கிழடுகள் பதினொன்று.

நான் வந்து சேர்ந்தது எண்பத்தொன்பதில்.
எனக்கும் அவருக்கும் ஆகாது.
ஒரு 'ப்' விட்டுப்போனால் கத்துவார்,
நானும் கத்துவேன், அச்சுக்கோப்பவர்கள்
பீடி குடிக்க வெளியே போய்விடுவார்கள்.
அவரிடம் ஒரு சட்டம் இருந்தது:
இடம் போதாவிட்டால் கடைசி வரியிலிருந்து வெட்டு.
தலை போதும். வாலை எவனும் தேட மாட்டான்.

தொண்ணூற்றெட்டு, தீபாவளிக்கு முந்தின ராத்திரி.
சாயப்பட்டறைத் தொட்டி கழுவ இறங்கிய மூன்று பேர்
ஏறி வரவில்லை.
எந்தப் பட்டறை என்று செய்தியில் இல்லை.
அதே பட்டறை எட்டாம் பக்கம் முழுக்க
வாடிக்கையாளர்களுக்கு வாழ்த்துச் சொல்லியிருந்தது.
அந்த விளம்பரம்தான் அந்த மாதச் சம்பளம்,
எல்லோருடைய சம்பளமும்.
ஏழாம் பக்கம், கீழ்மூலை.
ஒரு வரி மிஞ்சியது.
"வாலை வெட்டு" என்றார், என்னைப் பார்க்காமல்.

வாலில்தான் பெயர்கள் இருந்தன.

வெட்டியது நான்.
போனஸும் வாங்கினேன்.
மகனுக்கு ஒரு நீலச் சட்டை எடுத்தேன்,
நல்ல சாயம்,
கிழியும்வரை வெளுக்கவேயில்லை.

இன்று கடைசிப் படியைப் பிரிக்கிறேன்.
ஒன்பது வரி.
எட்டு, தட்டச்சு.
ஒன்பதாவது, கை நடுங்கிய சிவப்பில்:
'இவர் வெளியிடாமல் விட்ட பெயர்கள்:
ஆறான், பொன்னான், மயிலன்.'
மேலே குறிப்பு:
ஏழாம் பக்கம். கீழ்மூலை. பெட்டி கட்டாதே.

விளம்பரப் பிரிவுத் தம்பி ஓடி வந்தான்.
"எட்டாம் பக்கம் முழுசும் கண்ணீர் அஞ்சலிங்கக்கா,
பட்டறைக்காரரே போன் பண்ணீட்டாருங்க.
ஏழுலயும் ரெண்டு வந்திருக்குது,
கீழ கொஞ்சம் சுருக்கிக்குங்க."

அளந்து பார்த்தேன்.
எட்டு வரிக்குத்தான் இடம்.

மணி ஒன்றரை.
கீழே மிஷின்காரர் தகரத்தைத் தட்டுகிறார்,
ஊத்துக்குளி பஸ்ஸுக்குக் கட்டு போகணும்.
முப்பது வருஷத்துச் சட்டத்தை
முதல்முறை மீறினேன்,
தலையை வெட்டினேன்.

தலையில்தான் அவர் பெயர் இருந்தது.

விடிந்ததும் யாராவது கூப்பிடுவார்கள்,
செத்தது யாரென்றே போடவில்லையே அம்மிணி,
திருத்தம் போடுங்கள் என்று.
பக்கத்தைத் திருப்பச் சொல்வேன்.
எட்டில் இருக்கிறார்,
அரையடி உயர எழுத்தில்.