சிவப்பு

ஆணி ஏறியதே எனக்குத் தெரியாது.
பிறையிலிருந்து ஈப்போவுக்குப் போய்த் திரும்பும்வரை
கிளட்ச்சை மிதித்த காலோடு
அதுவும் சேர்ந்து மிதித்திருக்கிறது.
சப்பாத்தைக் கழற்றியதும்
தவமலர்தான் காலைப் பார்த்தாள்.
நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

இனிப்புநீர் நரம்பைத் தின்றுவிட்டதாம்.
இரண்டு விரல் போயும்
ஏழு மாதமாகக் குழி மூடவில்லை.
மஞ்சள், தேன்,
ஜொகூரிலிருந்து மச்சான் அனுப்பிய பச்சை எண்ணெய்.
பிறகுதான் தோளில் இந்தப் பெட்டியை மாட்டிவிட்டார்கள்.

புண்ணுக்குள் கறுப்புப் பஞ்சு.
பஞ்சின் மேல் கண்ணாடித் தாள்.
தாளில் ஓட்டை, ஓட்டையில் குழாய்.
உள்ளே ஊறுவதை இரவும் பகலும்
இழுத்துக்கொண்டே இருக்கும் என்றார் டாக்டர்,
படம் வரைந்து, பொறுமையாக.
ரப்பர் குழாயை வாயில் வைத்து
எத்தனை தாங்கியில் டீசல் இழுத்துத் துப்பியவன் நான்!
இந்தப் பெட்டி துப்புவதில்லை.
சேர்த்து வைத்துக் காட்டுகிறது.

இரவல் பெட்டி.
எனக்கு முன்னால் சுமந்த யாரோ
பையின் ஓரத்தில் டைனோசர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்.
குணமாகித் திருப்பித் தந்தாரா என்று
நான் கேட்கவில்லை.

வாரம் மூன்று முறை ஃபெரி.
மோட்டார்சைக்கிள்களுக்கு நடுவே நிற்கிறேன்.
இஞ்சின் ஓசையில் பெட்டியின் முனகல் கரைகிறது.
வெல்ட் கீயில் இறங்கினால் மறுபடி கேட்கிறது,
கூடவே வரும் நாய்க்குட்டி மாதிரி.

ஓரத்தில் காற்றுக் கசிந்தால் கத்தும்.
அதற்குப் பழகிவிட்டோம்.
ஒருநாள் நடுச்சாமம் இருவரும் திடுக்கிட்டு எழுந்தோம்.
வீடு அமைதியாக இருந்தது.
சார்ஜர் கழன்று கிடந்தது.
இருட்டில் அவள் பிளக்கைத் தேடிய அவசரம்
எங்கள் கல்யாணத்தன்றுகூட இல்லை.

மிஸ்ஸி நோர்ஹயாத்தி பஞ்சை எடுப்பாள்.
காகித ரூலரை வைப்பாள்.
முதலில் நீளம் ஆறு, அகலம் நாலு.
கறுப்பு இருந்தால் வெட்டுவாள்.
மஞ்சளைச் சுரண்டுவாள்.
நான் கூரையில் ஓடும் காற்றாடியை எண்ணிக்கொண்டிருப்பேன்,
வலிக்காததுதான் பயமாக இருக்கும்.
ஐந்தாம் வாரம் குனிந்தவள்
நிமிராமலே சொன்னாள்:
"மேரா. பாகுஸ்."

சிவப்பா? நல்லதா?
முப்பத்தோரு வருஷம்
சிவப்பைக் கண்டால் பிரேக்கில் கால் வைத்தவன் நான்.
கைப்பேசியில் படமெடுத்துக் காட்டினாள்.
குழியின் அடியில் பொடிப்பொடியாக, ஈரமாக,
என்னைக் கேட்காமல்
என் உடம்பு எதையோ கட்டிக்கொண்டிருந்தது.

இன்னும் மூடவில்லை.
நீளம் மூன்றரை என்று எழுதியிருக்கிறாள்.
தொடையில் தோல் எடுத்து ஒட்டுவதைப் பற்றி
அடுத்த மாதம் பேசுவார்களாம்.
கிளட்ச் இல்லாத லோரி வந்திருக்கிறது என்று
முதலாளி மகன் இரண்டு தடவை போன் செய்தான்.
மூன்றாம் தடவை செய்யவில்லை.

காலையில் தவமலர்
வலது காலின் சப்பாத்துக்குள் கையை விட்டு
மூலை மூலையாகத் துழாவுகிறாள்.
நேற்று ஒரு கல் கிடைத்தது, கடுகளவு.
எடுத்து என் உள்ளங்கையில் வைத்து
விரல்களை மடக்கிவிட்டாள்.

குத்தியது.