கடிவாய்

யீஷூன், ஒன்பதாம் மாடி.
மகளின் லெகோ கட்டைகளை அடுக்கித்
தொட்டி கட்டியாயிற்று.
உள்ளே, களிமண்ணில் பாதி புதைந்து
ரோஸ்லான் இரவல் தந்த பொய்மீன்.
பத்திரம், ஒரு கீறல் விழக் கூடாது என்றிருந்தான்.

ஏ பாதி, பி பாதி.
சமையல் தராசில் நிறுத்துக் கலக்கி
உயரத்திலிருந்து நூலாக ஊற்றுகிறேன்.
தே தாரே கடைக்காரர் பார்த்தால் சிரிப்பார்.
("அந்தத் தராசை இனி நீங்களே வச்சுக்குங்க.")
மேசையைத் தட்டத் தட்டக்
குமிழிகள் மேலேறி
வாய் திறந்து மூடுகின்றன.
கீழ்வீட்டு மேடம் கோ
பதிலுக்குத் துடைப்பக் கட்டையால்
தன் கூரையை இடிக்கிறார்.

இரண்டு பாதிக்கு இரண்டு இரவு.
ரப்பரை உரித்தால்
செதில், செவுள், கண்குழி,
மீன் மட்டும் இல்லை.

முதல் வார்ப்பு பச்சை, கொஞ்சம் மினுக்கு.
முதுகில் மூன்று பள்ளங்கள்,
நான் வைக்காதவை.
இரண்டாவதிலும் மூன்று.
ஏழாவதிலும்.
படம் அனுப்பிக் கேட்டேன்.
'தோமான் கடிச்சது' என்றான்.
'போன வருஷம். நரம்பை அறுத்துக்கிட்டுப் போயிடுச்சு.
இது மட்டும் மிதந்து வந்தது.'

மெழுகு வைத்து அடைக்கலாம்தான்.
வைக்கவில்லை.

சனி விடியல், லோவர் சிலேத்தார்.
செயற்கை இரை மட்டும் என்கிறது பலகை.
பையில் இருப்பதெல்லாம் செயற்கைதான்,
அந்த மூன்று பற்களைத் தவிர.
எறிந்துவிட்டு மெல்லச் சுற்றுகிறேன்.
தன் கடியைத் தானே
எதிரில் கண்டால் ஒரு மீன்
என்ன செய்யும்?

போன் அதிர்கிறது.
ரோஸ்லான்தான்.
என்னோடதை எப்போ தருவே?