நான்காவது வாளி

முதல் வாளியில் பிளாஸ்டர் நாற்றம்.
முழங்கால் காயத்திலிருந்து பிய்த்தெடுக்கும்
அந்தப் பழுப்புத் துண்டு
திரவமாகித் தொண்டையில் இறங்கியது.
"இதைக் குடிக்கிறதுக்கு
கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில படுத்துக்கலாம்"
என்றாள் கௌரம்மா.
குறை தானியத்தில் இல்லை.
ஓசூர்க் குழாயில் வந்த ஒகேனக்கல் தண்ணீரில்,
கிருமிக்கு அஞ்சி அதில் கலந்த குளோரினில்.
அண்டாவில் பிடித்து ஓரிரவு திறந்து வைத்திருந்தால்
போயிருக்கும்.
ஓரிரவு.
அன்று எனக்கு நைட் ஷிப்ட்.

அத்திப்பள்ளி தாண்டி
பார்லி மால்ட்டும் ஹாப்ஸும் சுமந்து
நின்றுகொண்டே வந்த பஸ் நினைவுக்கு வந்தது.
இரண்டு கிலோ ராகியை வேறு முளைகட்டிச் சேர்த்திருந்தேன்,
ஊர்ப் பெயர் கெடக் கூடாதென்று.
இருபது லிட்டரும் பாத்ரூமில் போயிற்று.

இரண்டாவதில் வெண்ணெய்.
இடைவேளையில் பாப்கார்ன் தின்ற விரல்போல
நாக்கு வழுக்கியது.
தான் கக்கியதைத் தானே தின்று முடிக்க
ஈஸ்ட் இன்னும் நாலு நாள் கேட்டிருக்கிறது.
நானோ ஆயுத பூஜைக்கென்று
லைன் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

மூன்றாவதை நல்லதென்றே நம்பினேன்.
கௌரம்மா டம்ளரை மூக்கருகே கொண்டுபோய்
குடிக்காமலே சொன்னாள்:
"நனைஞ்ச அட்டைப்பெட்டி."
ரோஜாப் பண்ணையில் பேக்கிங் அவளுக்கு.
பிப்ரவரி பிறந்தால் குளிர் அறையில் நின்று
இருபது இருபதாய்க் கட்டி அடுக்குகிறவள்.
அந்த ரகத்துக்கு மணமே கிடையாதாம்,
எட்டு மணி நேரமும் அட்டைதான் மணக்குமாம்.
பாட்டிலுக்கு மாற்றும்போது
டியூபை அடிவரை விடாமல்
சளசளவென்று ஊற்றியவன் நான்.
காற்று குடியேறிவிட்டது.

அதிலும் ஒரு பச்சை பாட்டில்
மொட்டைமாடி வெயிலில் கிடந்துவிட்டது.
அந்த நாற்றத்துக்குப் புத்தகம் சொல்லும் மிருகம்
இந்தக் கண்டத்திலேயே இல்லை.
அவள் தம்பி திம்மராயன், அஞ்செட்டிக் காட்டோரத்தில் வளர்ந்தவன்,
நெடுநேரம் முகர்ந்தான்.
"என்ன மிருகம்னு தெரியல மாமா.
ஆனா பயந்துபோயிருக்கு."

கீழ்வீட்டு நாராயணப்பாவுக்கு
இரவில் காது கூர்மை.
"குளக் குளக்குனு என்னப்பா மேல?"
"வினிகர் போடறோம்ங்க, ஊறுகாய்க்கு."
வாயில் வந்ததைச் சொன்னேன்.

நான்காவது வாளிக்கு எல்லாம் செய்தேன்.
தண்ணீரை இரவெல்லாம் திறந்து வைத்தேன்.
வெந்த சோள வாடை தங்காதிருக்க
மூடியில்லாமல் கொதிக்கவிட்டேன்.
பங்குனி வெயிலுக்கு ஈரச் சாக்கு சுற்றினேன்.
மூன்று வாரம் தொடவில்லை.
எட்டிப் பார்க்கவுமில்லை என்றால் பொய்.

திறந்தால்
கண்ணில் நீர் வரவழைக்கும் புளிப்பு.

கம்பெனியில் என் வேலை வாஷர் பார்ப்பது.
பூதக்கண்ணாடியின் கீழ்
ஒரு ஷிப்டுக்கு நாலாயிரம் ரப்பர் வளையம்.
மயிரிழைப் பிசிறென்றாலும் சிவப்பு டிரே.
ஏன் என்று ஐந்து முறை கேட்டு
வேர்வரை எழுதச் சொல்வார்கள்.
ஏன் புளித்தது? கிருமி.
ஏன் கிருமி? கழுவவில்லை.
கழுவினேனே,
சோடா மாவு போட்டு, சுடுதண்ணீர் விட்டு.
எங்கே கழுவவில்லை?
ஸ்பேனர் எடுத்து வாளியின் குழாயைக் கழற்றினேன்.

உள்ளே ஒரு வாஷர்.
அதன் முதுகில்
நகத்தால் சுரண்டினால் வரும் கொழகொழப்பு.

நல்ல வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
நாலாயிரத்து ஒன்றாவதாக.
பிறகு குப்பைக் கூடையில் எறிந்தேன்.

"வினிகர் ஆயிடுச்சா?" என்றார் நாராயணப்பா, படிக்கட்டில்.
ஆயிருந்தது.
சொன்ன பொய்யைக் காப்பாற்ற
ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினோம்.
அவர் மனைவி செந்தூரா மாங்காய் நறுக்கிப் போட்டு
மறுநாளே காலி பாட்டிலைத் திருப்பி அனுப்பினார்,
"இதே பதம். துளி மாறக் கூடாது" என்ற சேதியோடு.

நகராட்சி வண்டி வர இன்னும் பத்து நிமிஷம்.
முட்டை ஓட்டுக்கும் டீத்தூளுக்கும் நடுவே
கையை விட்டுத் தேடிக்கொண்டிருக்கிறேன்,
அந்த வளையத்தை.