பாகம்

ஊரின் பெயர் நில்.
மெல்பர்னிலிருந்து அடிலெய்ட் போகும் லாரி எதுவும்
அதைத் தமிழில் வாசிப்பதில்லை.
கீழ்ப்படிந்தது
என் கொட்டகையிலிருக்கும் டிராக்டர் மட்டும்.

வீட்டை வாங்கியபோது கொட்டகை இலவசம்,
கொட்டகைக்குள் இருந்தது அதைவிட இலவசம்:
ஐம்பத்தொன்றில் செய்த சேம்பர்லின்,
டயர் நான்கும் மண்ணோடு சம்பந்தம் பேசி முடித்திருந்தது.
எல்லாம் இருக்கிறது, மேக்னெட்டோ இல்லை.
அது இருந்த இடத்தில் போல்ட் துளைகள்,
ஒரு குளவிக் கூடு.

யானை வாங்கியவள் அங்குசத்துக்கு அலைந்தேன்.

பகலில் மருந்துக்கடை.
கேட்ட மாத்திரை இல்லையென்றால் மாற்று கொடுப்பேன்,
பெயர் வேறு, பெட்டி வேறு, மருந்து ஒன்று,
உடம்புக்கு வித்தியாசம் தெரியாது என்பேன்.
இரும்பிடம் அந்தச் சமாதானம் எடுபடவில்லை.
கால்கூர்லியிலிருந்து வந்தது இடஞ்சுழி,
எனக்கு வேண்டியது வலஞ்சுழி.
பிள்ளையார் என்றால் எப்படியும் கும்பிட்டிருப்பேன்.
டூவூம்பாவில் ஒருவர் இருக்கிறது என்றார்,
மூன்று வாரம் கழித்து, இருந்தது என்றார்.
ஹார்ஷமில் பழைய இரும்புக் கடைக்காரர்
"இதைக் கேட்டு வந்த கடைசி ஆள்
செத்து நாளாச்சு" என்றார்.
யாரென்று கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

கல்லாவில் நிற்கும் ஷெரல்தான் சொன்னாள்
எழுபத்து நான்கில் ஹைன் சகோதரர்கள் பாகம் பிரித்ததை.
கோதுமை வயல் ஆளுக்குப் பாதி.
ஆடுகள் எண்ணி ஆளுக்குப் பாதி,
மிஞ்சிய ஒற்றை ஆட்டை அடித்து அதிலும் பாதி.
டிராக்டர் மூத்தவர் எர்வினுக்கு.
மறுநாள் காலை அது கிளம்பவில்லை.
"நான் எடுக்கவில்லை" என்று
பைபிள்மேல் கை வைத்தார் இளையவர் லோரி.
"நம்புகிறேன்" என்றார் எர்வின்.
அண்ணன் தம்பி பேசிய கடைசி வார்த்தை அதுதான்.
பிறகு நாற்பத்தேழு வருடம்
லூத்தரன் கோயிலில் ஒரே பெஞ்சின் இரண்டு நுனி,
எர்வினைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் வரை.

உதிரி பாகம் என்று நான் தேடியது
யாரோ ஒருவரின் முழுப் பாகம்.

லோரி ஹைன் மாதத்தின் முதல் வியாழன் வருவார்.
ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, யூரிக் ஆசிட்டுக்கு ஒன்று,
மாற்று வேண்டாம், பழைய பெட்டிதான்.
கையெழுத்துப் போடும்போது
மழையைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னேன்:
"எர்வின் வீட்டு டிராக்டருக்கு மேக்னெட்டோ தேடுகிறேன்."
பேனா நின்றது.
ஹைன் என்ற பெயரின் மிச்ச எழுத்தை எழுதி முடித்தது.
"அதெல்லாம் இனிக் கிடைக்காது" என்றார்.

மே மாதம், விதைப்புக்கு முந்திய வாரம்,
கொட்டகைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது.
டிராக்டரின் இருக்கையில்
கோதுமைச் சாக்கில் சுற்றிய ஏதோ ஒன்று,
கைக்குழந்தை கனம்.
துரு இல்லை.
ஒருமுறை போட்ட எண்ணெய் இப்படி மின்னாது,
வருடாவருடம் துடைத்துப் போட்டிருக்க வேண்டும்,
பைபிள் இருக்கும் அதே வீட்டில்.

ஷெரலின் மகன் வந்து பூட்டினான்.
இரண்டு சிலிண்டரும் இரண்டு முறை இருமின.
வெள்ளைப் புகை.
காக்கட்டூக் கூட்டம் ஒன்று மரத்தைவிட்டு எழுந்து
வாயில் வந்தபடி திட்டியது.
அவ்வளவுதான், நின்றுவிட்டது.
கார்புரேட்டருக்குள் மிதவை ஓட்டையாம்.
சரி, அதையும் தேடுகிறேன்.

ஜூன் முதல் வியாழன்.
"கிடைத்ததா?" என்றார்
மாத்திரைப் பெட்டியைப் பார்த்தபடி.
"கிடைத்தது. கால்கூர்லியில்தான்."
"என்ன விலை?"
வாயில் வந்ததைச் சொன்னேன். "எண்ணூறு டாலர்."
"அநியாயம்" என்றார் லோரி ஹைன்.
"நன்றாக ஏமாற்றிவிட்டான் உங்களை."
சில்லறையை எண்ணி வைத்தார்.
மீதி ஐந்து சென்ட்டை
நின்று வாங்கிக்கொண்டு போனார்.