இன்னும் இல்லாத விமானத்தின் எடை

நவம்பர். லின்ஷோப்பிங்.
மூன்றரை மணிக்கே இருட்டிவிட்டது.
இரண்டாம் மாடியில் நாங்கள் நான்கு பேர்
இல்லாத ஒரு விமானத்தை
எடை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பெயர் கூட வைக்கவில்லை.
பத்தொன்பது இருக்கை, இரண்டு எஞ்சின்,
வடக்கே உறைந்த ஓடுதளங்களில் இறங்க வேண்டும்;
இவ்வளவுதான் ஜாதகம்.
மீதிக் கட்டங்கள் எல்லாம் கேள்விக்குறி.

இறக்கை விளிம்பில் பனி உருக்க
எஞ்சினின் சூட்டைத் திருட வேண்டாம்,
மின்சாரம் போதும் என்றாள் குன்வோர்.
சரி என்றோம்.
மின்சாரம் என்றால் பெரிய ஜெனரேட்டர்,
அதற்குத் தடித்த கம்பி,
கம்பியோடு குளிர்விக்க ஒரு விசிறி,
இத்தனையும் தூக்க எரிபொருள்,
எரிபொருளுக்கு இடம் தர
இறக்கை அரைச் சாண் நீள,
நீண்ட அரைச் சாணிலும் பனி பிடிக்கும்.
குன்வோர் ஆறிப்போன காபியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராத்திரி முழுக்கக் கணினி
நாலாயிரம் விமானங்களைப் பெற்றுக் கொன்றது.
காலையில் மிஞ்சியது அழகி:
எல்லாரையும் விட லேசு, எல்லாரையும் விடச் சிக்கனம்.
கழிப்பறை மட்டும் இல்லை.
வேண்டும் என்று நாங்கள் யாரும் எழுதவில்லை.
ரோஜ்டா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு
ஒரு வரி சேர்த்தாள்: கழிப்பறை, ஒன்று.
அழகிக்கு இடுப்பு பெருத்தது.

யால்மரின் கட்டம் ஒன்று பூட்டியிருக்கும்.
சக்கரம் இறக்கும் பம்ப்புக்கு
இன்னொரு பம்ப், பதினோரு கிலோ.
பக்கத்தில் சிவப்பில் 'தொடாதே'.
முன்பு அவன் ஆம்புலன்ஸ் விமானம் ஓட்டியவன்.
அதைப் பற்றி அவனும் பேசியதில்லை,
நாங்களும் கேட்டதில்லை.

நேற்று எல்லாரும் போன பிறகு
நான் அந்தப் பூட்டைத் திறந்தேன்.
பதினொன்றை அழித்தேன்.
அது இறக்கையில், எரிபொருளில், சக்கரத்தில்
உருண்டு உருண்டு
முப்பத்தெட்டாய்க் குறைந்து வந்தது.
வரைபடத்தில் வட்டம் கொஞ்சம் விரிந்தது.
விளிம்புக்கு வெளியே நின்றிருந்த ஓர் ஊர்,
மருத்துவமனைக்கு ஐந்து மணி நேரம் சாலையில் போகும் ஊர்,
உள்ளே வந்தது.

இன்று அழிக்க ஒரு விரல் போதும்.
ஆறு வருடம் கழித்து என்றால்
அலுமினியத்தை அறுக்க வேண்டும்.
வெகு நேரம் அந்த வட்டத்தையே பார்த்திருந்தேன்.
பிறகு பதினொன்றைத் தட்டினேன், பூட்டினேன்.
ஊர் வெளியே போனது.

காலையில் யால்மரிடம்
"முப்பத்தெட்டு" என்றேன்.
கோட்டைக் கழற்றாமலே நின்றான்.
"தெரியும்.
போன வாரம் நானும் திறந்து பார்த்தேன்."

அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வரவில்லை.
கீழே சைக்கிள் இருக்கைகளின் மேல்
பனி ஏறிக்கொண்டிருந்தது, கணக்கில்லாமல்.
தொப்பியை உதறிக்கொண்டே குன்வோர் நுழைந்தாள்:
"கேளுங்கள், மின்சாரம் வேண்டாம்."